பிறர் மனை நோக்கல்

தலைப்பைக் கண்டதும் புருவம் நெரிக்கும் தமிழாசிரியர்கள் சற்றே பொறுத்தருள்க. வள்ளுவனார் கடிந்த குற்றத்துக்குப் பரிந்து பேச யாம் புகுந்தோமல்லோம். மனை என்னும் சொல்லுக்கு வீடென்பதும் பொருளாதலின், அயல்நாடு செல்வோர் ஆங்குள்ள வீடுகளை எங்ஙனம் நோக்குகின்றனர், எங்ஙனம் நோக்குதல் தகும் என்பது பற்றியே ஈண்டுச் சில கூறுவோம்.

யாத்திரை சென்று மீண்ட நண்பர்களை, "என்ன கண்டீர்?" என்று வினவினால், முதலில் கோபுரத்தின் உயரத்தைச் சொல்வர், அடுத்துக் காப்பியின் விலையைச் சொல்வர், மூன்றாவதாக, "ஆங்கே ஒரு கோணல் வீடு கண்டோம், கட்டினவனுக்குப் பித்தோ என்னவோ!" என்று நகைப்பர். எம் கட்சி யாதெனின், கோணல் பெரும்பாலும் வீட்டில் இல்லை, காரணம் வினவாத கண்ணிலேயே உள்ளது என்பதாம். யாமும் நகைத்தவர்களுள் ஒருவரே. ஆதலின் பிறரைக் கடியும் உரிமை எமக்கு ஓரளவு உண்டு.

ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கால்வாய்க் கரைகளில் பழைய வீடுகள் கள்ளுண்டார் போல முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும். சதுப்பு நிலத்தில் புதைந்து சாய்ந்தன என்று யாம் முடிவு கட்டினோம். சில அங்ஙனம் சாய்ந்தவையே. ஆயினும் பலவற்றைக் கொத்தர் வேண்டுமென்றே முன்சாய்த்துக் கட்டினர். முகட்டினின்றும் ஓர் உத்திரம் நீண்டிருக்கும். அதன் நுனியில் ஒரு கொக்கி தொங்கும். உள்ளேயுள்ள மாடிப்படியோ ஏணி போன்றது. அதில் ஓர் அலமாரியை ஏற்றுதல் சிம்சோனாலும் ஆகாது. ஆகவே பண்டங்களைக் கயிற்றில் கட்டித் தெருப்புறமாக மேலேற்றிச் சாளரத்தின் வழியே உள்ளிழுத்துக்கொள்வர். சுவர் முன்சாய்ந்திருந்தால் ஏறும் பண்டம் அதில் மோதாது. சாய்வு மயக்கமன்று, கணக்கு.

அந்நகரிலேயே சிங்கல் என்னும் கால்வாயின் ஓரத்தில் 7ஆம் எண் வீடு ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலமே உள்ளது. கதவு போக மிச்சம் சுவர் காண்பது அரிது. வருவோர் வியந்து படமெடுத்துச் செல்கின்றனர். அஃது அவ்வீட்டின் புறக்கடையே. முன்புறம் மறுபக்கத்தில் நன்கு அகன்றுள்ளது. அங்குள்ள அரண்மனையைப் பற்றியும் ஒரு சொல். 1655இல் நகர மண்டபமாகத் திறக்கப்பெற்ற அது, நிலத்தில் அறைந்த 13,659 மரத்தூண்களின் மேல் நிற்கின்றது. ஆண்டின் நாட்களாகிய 365க்கு முன்னே 1, பின்னே 9 இட்டுக்கொள் என்று அந்நாட்டுச் சிறுவர் இதனை மனத்தில் இருத்துவர். சரித்திரப் பரீட்சையில் அல்லலுறும் எம் மாணவர் இவ்வுபாயத்தைக் கவனிப்பாராக.

இங்கிலாந்தில் செங்கல் வைத்து அடைத்த சாளரங்களையுடைய பழைய வீடுகளைக் காணலாம். 1696இல் சாளரத்துக்கு வரி விதித்தனர். 1851 வரை அதனை வாங்கினர். வரிக்கு அஞ்சி மக்கள் வெளிச்சத்தையே அடைத்துவிட்டனர். இதைப் பார்த்து நகைப்பதாயின், வீட்டுக்காரனையோ அரசாங்கத்தையோ நகைப்பது என்பதை நேயர்களே தீர்மானிக்க. வேல்ஸ் தேசத்துக் கான்வி நகரிலோ 6 அடி அகலமும், 10 அடியும் சில அங்குலமும் உயரமுமான சிவப்பு வீடு ஒன்று உளது. அதில் கடைசியாகக் குடியிருந்த செம்படவர் 6 அடி 3 அங்குல உயரத்தவர். வாசத்துக்குத் தகாததென்று 1900இல் அவரை வெளியேற்றினர். இன்று காசு கொடுத்து உட்செல்வோர், "எவ்வளவு அழகு!" என்கின்றனர். நிமிர்ந்து நிற்க இயலாத வீட்டில் வாழ்ந்தவர் இதைக் கேட்டால் என் சொல்வாரோ!

எம்மை முற்றிலும் நாணச் செய்தது கலிபோர்னியாவில் ஸான் ஹோஸே நகரிலுள்ள வின்செஸ்டர் மாளிகை. துப்பாக்கித் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய குடும்பத்தின் விதவையாகிய ஸாரா வின்செஸ்டர் அம்மையார் 1886இல் ஒரு பண்ணை வீட்டை வாங்கி, 1922இல் இறக்குமளவும் அதனை விரித்துக்கொண்டே வந்தார். சுமார் 160 அறைகள். கூரையில் முட்டி நிற்கும் படிக்கட்டு. மேல்மாடியில் திறந்தால் வெட்டவெளியில் விழச்செய்யும் கதவு. துப்பாக்கியால் மாண்டோரின் ஆவிகளுக்கு அஞ்சி அவர் இங்ஙனம் கட்டினார் என்று கதை சொல்லப்படுகிறது. யாமும் கதை கேட்டு வாய்விட்டுச் சிரித்தோம். பின்னர் அவர் வரலாற்றைப் படித்தபோது சிரிப்பு அடங்கிற்று. 1906ஆம் ஆண்டின் பூகம்பத்தில் அவ்வீட்டின் கோபுரமும் மேல்தளங்கள் சிலவும் இடிந்தன. இடிந்தவற்றை அகற்றிய இடங்களில் கதவும் படியும் வழியின்றி நின்றன என்று ஆய்ந்தோர் கூறுவர். இரண்டே அங்குல உயரமுள்ள படிகளையும் யாம் விநோதமென்று எண்ணினோம். மூட்டுவாதத்தால் காலைத் தூக்கமாட்டாத மூதாட்டிக்கு அமைத்த படிகள் அவை. பெற்ற குழந்தையையும் கணவரையும் இழந்து தனித்து வாழ்ந்த ஒருவரை, அவர் இறந்த மறு ஆண்டே வீட்டைக் காட்சிக்குத் திறந்து, பித்தியென்று விற்கின்றனர். வாங்குவோர் இருத்தலின் விற்கின்றனர்; யாமும் வாங்கினோம்.

அன்று முதல், அயலூர் வீட்டைக் கண்டு நகைக்குமுன் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்கிறோம். இவ்வூர் மழையும் பனியும் எத்தகையன? வரி யாது? வீட்டார் செய்த தொழில் யாது? இவற்றுக்கு விடை கிடைத்தபின் நகைக்க இடமிருப்பின் தாராளமாக நகைக்கலாம். எமக்கு இதுகாறும் அங்ஙனம் இடம் கிடைத்தது அரிது.

இவ்வினாக்களோடு ஜப்பானில் ஷிரகவா பள்ளத்தாக்கின் ஓகிமாச்சி கிராமத்துக்குச் சென்றோம். 1995இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்ட ஊர் அது. கூரைகள் பல செங்குத்தான புல் வேய்ந்தவை. ஆளுயரம் பெய்யும் பனி தங்காது சரிந்துவிடவே அச்சரிவு. கூரைச் சட்டங்களில் ஆணி இல்லை; கயிற்றாலும் வளாராலும் பிணைத்துள்ளனர். கூரைக்கு அடியிலுள்ள தளங்களில் முன்பு பட்டுப்பூச்சி வளர்த்தனர். நடுவீட்டு அடுப்பின் புகை மேலேறிப் புல்லைப் பூச்சி அரிக்காது காக்கும். முப்பது நாற்பது ஆண்டுகட்கு ஒருமுறை கூரை மாற்றுகையில் ஊரே திரண்டு ஏறும். இன்று உன் கூரை, நாளை என் கூரை. இவ்வீட்டமைப்புக்குக் காஷோ என்று பெயர். கூப்பிய கை என்பது பொருள். வடமொழியில் அஞ்சலி என்பதனைச் சீனத்துப் பௌத்தர் மொழிபெயர்த்த சொல்லே அது.

எல்லாம் கற்றுக்கொண்டோம் என்ற செருக்கோடு, ஒரு வீட்டு வேலியருகே கைப்பேசியை உயர்த்தினோம். திண்ணையில் துணிகள் உலர்ந்துகொண்டிருந்தன. அது காட்சிச்சாலையன்று, குடியிருக்கும் வீடென்பது அப்போதும் எமக்கு உறைக்கவில்லை. ஒரு மூதாட்டியார் வெளியே வந்தார், எம்மைக் கண்டார், கடிந்து ஒன்றும் சொல்லவில்லை. இடுப்பு வளையக் குனிந்து வணங்கிவிட்டு உள்ளே சென்று, கதவை மெல்ல இழுத்துச் சாத்திக்கொண்டார். யாமும் சாத்திய கதவை நோக்கிக் கைகூப்பிவிட்டுத் தெருவுக்குத் திரும்பினோம்.

இக்கட்டுரைக்கு அவ்வீட்டின் படமொன்று வேண்டுமெனப் பத்திராதிபர் கேட்டார். இல்லை என்று தெரிவித்துவிட்டோம்.