குழந்தையின் குறட்டைக்குத் தாயத்தா?

ஒக்கூர்க்காரர்கள் ஊர்ப்பெருமை பேச ஆரம்பித்தால், ஒரே மகனைக் கையில் வேல் கொடுத்துப் போருக்கு அனுப்பிய தாயைப் பாடிய மாசாத்தியாரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நல்லதுதான். இன்றைய ஒக்கூர்த் தாய் தகப்பன்மாரிடம் நாம் கேட்பது அவ்வளவு பெரிய தியாகமல்ல. விளக்கை அணைத்தபின் சிறிது நேரம் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் எப்படி மூச்சு விடுகின்றான் என்று பார்க்க வேண்டுமென்பதேயாகும்.

பிள்ளை வாயைப் பிளந்து குறட்டை விட்டால் "அசந்து தூங்குகின்றான்" என்று சந்தோஷப்படுகின்றார்கள். மூச்சு நின்று திணறித் திடுக்கிட்டு எழுந்தால், காத்துக் கருப்பென்று கோடாங்கியிடம் ஓடித் தாயத்துக் கட்டுகின்றார்கள். பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சியாம். தெற்றுப்பல் முளைத்தால் அதிர்ஷ்டமாம்! பள்ளிக்கூடத்தில் தூங்கி விழுந்தாலோ தலையெழுத்து. அல்லது "அந்த ஜாதிக்குப் படிப்பு ஏறாது" என்ற தீர்ப்பு. இரவெல்லாம் மூச்சுக்கு மல்லுக்கட்டிய குழந்தைக்குப் பகலில் கணக்கு எப்படி ஏறும் என்று ஒருவராவது யோசிக்கின்றார்களா?

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. மூக்குக்குப் பின்னாலிருக்கும் அடினாய்டு என்னும் சதையும், தொண்டையின் இரு பக்கத்து டான்சிலும் பருத்தால் காற்றுக்கு வழி அடைபடும். கோபன்ஹேகன் டாக்டர் வில்ஹெல்ம் மேயர் 1868-லேயே அடினாய்டைப் பற்றி எழுதிவிட்டார். அமெரிக்காவில் இவ்வித மூச்சடைப்புள்ள 464 குழந்தைகளை இரு கூட்டமாகப் பிரித்துக் கவனித்து 2013-ல் முடிவு வெளியிட்டார்கள். சதையை எடுத்தவர்களில் 7 மாதத்தில் 100-க்கு 79 பேருக்குத் தூக்கப் பரிசோதனை சரியாயிற்று. எடுக்காதவர்களிலும் 46 பேருக்குத் தானே சரியாயிற்று. ஆகவே கத்தி எல்லோருக்கும் வேண்டியதில்லை, பரிசோதனைதான் வேண்டும். இந்த 46 பேரைத்தான் தாயத்துக் கட்டுகிறவன் தன் கணக்கில் எழுதிக் கொள்ளுகின்றான்!

நிற்க, பட்டணங்களில் இப்போது புதுத் தாயத்து ஒன்று வந்திருக்கின்றது. அண்ணத்தில் கம்பியும் திருகும் மாட்டி விரித்தால் மூச்சுப்பாதை திறக்கும், புத்தி கூர்மையாகும், முகம் அழகாகும் என்று சில பல் வைத்தியர்கள் விளம்பரம் செய்கின்றார்கள். அண்ணத்தை விரிப்பது பொய்யல்ல. எமர்சன் ஏஞ்சல் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் 1860-லேயே செய்து காட்டியதுதான். சிறு வயதில் மேல்தாடையின் நடுப்பொருத்து இறுகாமலிருப்பதால், சாவியைத் திருகத் திருகக் கால் மில்லிமீட்டர் அளவாக விரிந்து கொடுக்கும். அண்ணம் உண்மையிலேயே குறுகியுள்ள பிள்ளைக்கு மூச்சும் ஓரளவு இலகுவாகலாம். ஆனால் மூச்சடைப்பைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவரே என்றும், தாடையில் குறையில்லாத பிள்ளைக்கு முன்ஜாக்கிரதை என்ற பேரால் விரிக்கக் கூடாதென்றும் அமெரிக்கப் பல்சீரமைப்பு வைத்தியர்களின் சங்கமே 2019-ல் சொல்லிவிட்டது. தொண்டையைப் பார்க்காமல், தூக்கத்தைச் சோதிக்காமல் கம்பி மாட்டுகிறவருக்கும் கோடாங்கிக்கும் வித்தியாசம் வெள்ளைக் கோட்டு ஒன்றுதான். வாய்க்குப் பிளாஸ்திரி ஒட்டச் சொல்லுகிறவர்களும் இருக்கின்றார்கள். மூக்கடைத்த பிள்ளைக்கு வாயையும் அடைப்பது என்ன வைத்தியமோ!

சர்க்காரையும் விடுவதற்கில்லை. தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தை 2013-ல் தொடங்கியபோது 30 குறைகளுக்கு ஜாபிதா போட்டார்கள். அதில் சொத்தைப் பல் உண்டு, கவனக்குறைவு வியாதி உண்டு, குறட்டை இல்லை. "ராத்திரி குறட்டை விடுகின்றானா?" என்று தாயாரை ஒரு கேள்வி கேட்க எவ்வளவு காசு செலவாகும்?

ஒக்கூருக்குப் பக்கத்திலேயே சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கின்றது. வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல் குறட்டை விடும் பிள்ளையை அங்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். கோடாங்கிக்கென்று கட்டி வைத்திருக்கும் கோழியை அடித்துப் பிள்ளைக்கே குழம்பு வைத்துக் கொடுங்கள்.