குறும்பயணமும் நெடுநோயும்

"குறைவாக ஓடும் வண்டி நெடுங்காலம் உழைக்கும்" என்று நம்மில் பலர் நம்புகிறோம். டர்போ பெட்ரோல் காரைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை தவறானது என்பதே என் கருத்து.

நம் நண்பர் ஒருவரிடம் அத்தகைய கார் ஒன்று உண்டு. விடுதிக்கும் கமலா நகர்க் கடைத்தெருவுக்கும் போய்வருவதே அதன் வேலை. "இரண்டு ஆண்டில் 3,000 கிலோமீட்டர்தான், ஆயில் சொட்டும் குறையவில்லை!" என்று பெருமை பேசினார். அளவுக் கம்பியை உருவிப் பார்த்தோம். ஆயில் குறையவில்லைதான், மேல்கோட்டையும் தாண்டி ஏறியிருந்தது! முகர்ந்தால் பெட்ரோல் நெடி.

காரணம் எளிது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதலாகப் பெட்ரோல் செல்கிறது. அதில் ஒரு பகுதி எரியாமல், பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஆயிலில் கலந்துவிடுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் பிறக்கிறது. அதிலும் சிறிது உள்ளே தங்குகிறது. ஆயில் நன்றாகச் சூடேறினால் இரண்டும் ஆவியாகி அகலும். ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில், அதுவும் தில்லியின் தை மாதக் குளிரில், அந்தச் சூடு எப்படி வரும்? நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலவல்லது டர்போ. அதன் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலமே. அந்த ஆயில் நீர்த்தால் தேய்மானம் விரையும்.

பின் என்ன செய்வது? கிளப்பியதும் நின்ற இடத்திலேயே உறும விடாமல், மெல்ல ஓட்டிச் சூடேற்றுக; சூடேறும்வரை மிதிக்காதீர். கிலோமீட்டர் நிறையவில்லையே என்று காத்திராமல், கையேட்டில் கடும் பயன்பாட்டுக்கு எனக் குறித்துள்ள காலக்கெடுவில் ஆயிலை மாற்றுக. மூன்று நாள் வேலைகளை ஒரே பயணமாகச் சேர்த்து, வாரம் ஒருமுறையேனும் அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டுக.

ஆயினும், இவையெல்லாம் மருந்துகளே. நோய் வாராமல் காக்கும் வழி வேறு: ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குக் கார் எதற்கு? புகையைத் தூய்மையாக்கும் கருவியும் சூடேறிய பின்னரே செவ்வனே இயங்கும். ஆகவே, குளிர்ந்த கார் உமிழும் நச்சே மிகுதி. அது பனிக்காலத் தில்லியில் நாம் அனைவரும் மூச்சிழுக்கும் காற்றில்தான் கலக்கிறது. நடந்தால் கால்மணி நேரம். எஞ்சினும் பிழைக்கும், நம் நுரையீரலும் பிழைக்கும்.

நண்பர் ஆயிலை மாற்றிவிட்டார். பழக்கத்தையும் மாற்றுவாரா?