சாத்தினால் தூங்கும், திறந்தால் முழிக்குமா?

தூங்குவதற்கு யாருக்கும் பயிற்சி வேண்டியதில்லை, ஸார். கோவில்பட்டியில் பஸ் ஏறி, கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதற்குள் குறட்டை விடுகிற ஆசாமிகள் எத்தனை பேர்! சங்கடமெல்லாம் சாத்தூரில் சரியாக முழித்து இறங்குவதில்தான். லேப்டாப்பும் இதே ஜாதி.

நம்ம பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் கணக்கப்பிள்ளை வாரக் கணக்கை ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் எத்தனை குரோஸ் அடைத்தார்கள், யாருக்கு எவ்வளவு சம்பளம். நடுவில் டீ வருகிறது. லேப்டாப்பைச் சாத்துகிறார். திரும்பத் திறந்தால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் மழை பெய்த கரிசக்காடு மாதிரி கன்னங்கரேல். தட்டிப் பார்த்து, கும்பிட்டுப் பார்த்து, கடைசியில் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கிறார். சேவ் பண்ணாத கணக்கு போயே போச்சு! "நாளைக்குச் சம்பளம் உண்டா அண்ணாச்சி?" என்று வாசலில் நிற்கிற பெண்களுக்கு என்ன பதில்?

மெஷினுக்குள் நடப்பது இதுதான். சாத்தியதும் மெமரிக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் விட்டு மற்றதையெல்லாம் அணைப்பதற்குப் பேர் 'சஸ்பெண்ட்'. அரசாங்க ஆபீஸ் சஸ்பெண்ட் மாதிரியேதான். மெமரிக்குப் பிழைப்பூதியம் உண்டு, மற்றவர்களுக்கு அதுவும் கிடையாது! இதற்கெல்லாம் சட்டதிட்டம் வகுத்து 1996-ல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூவரும் சேர்ந்து 'ஏ.சி.பி.ஐ.' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள்.

திரை, வட்டு, மவுஸ், வைஃபை ஒவ்வொன்றையும் மேய்க்க ஒரு டிரைவர் புரோகிராம் உண்டு. தூங்கப்போகும் முன் அது தன் சாதனத்தின் நிலைமையைக் குறித்துவைக்க வேண்டும். முழித்ததும் அதைத் திரும்ப ஊட்ட வேண்டும். கரண்ட் போன சிப்புக்குத் தன் பேரே ஞாபகம் இருக்காது. வரிசையும் முக்கியம். ராத்திரி பிள்ளைகளைப் படுக்கப்போட்டுவிட்டுத்தான் அம்மா படுப்பாள். காலையில் அவள்தான் முதலில் எழுவாள். யு.எஸ்.பி. மவுஸ் பிள்ளை என்றால், அது தொங்குகிற யு.எஸ்.பி. கன்ட்ரோலர் அம்மா. ஒரு டிரைவர் முறை தப்பினாலோ, வராத பதிலுக்குக் காத்து நின்றாலோ வீடே எழாது.

சரி, குற்றவாளி யார்? எழுதிவைக்க வட்டும் தூக்கத்தில் இருக்கிறதே! லினக்ஸில் இதற்கு ஒத்திகை உண்டு. முதலில் புரோகிராம்களை மட்டும் உறையவைத்துச் சில விநாடியில் எழுப்பு, அடுத்து சாதனங்களையும் சேர்த்து, அப்புறம் பிராசஸர்களையும். எந்தப் படியில் இடறுகிறதோ அங்கே தேடலாம்.

இன்னொரு தந்திரம் லினஸ் டோர்வால்ட்ஸ் 2006-ல் செய்தது. ரீசெட் பண்ணினாலும் அழியாமல் ஓடுவது கடிகாரம் ஒன்றுதான். ஒவ்வொரு சாதனத்தைத் தொடும்போதும் அதன் அடையாளத்தைக் கடிகாரத்திலேயே எழுதிவிடு! மெஷின் தொங்கி, திரும்பப் போட்டால் தேதி கன்னாபின்னா என்று காட்டும். அந்தத் தப்புத் தேதியைப் பிரித்துப் படித்தால் கடைசியாகக் கையைப் பிடித்தவர் யார் என்று துப்புக் கிடைக்கும். செத்தவர் கையில் நின்றுபோன கடிகாரத்தை வைத்துத் துப்பறிகிற கதைதான்.

எழாதது ஒரு வியாதி என்றால், வேண்டாதபோது எழுவது இன்னொன்று. புது லேப்டாப் பலவற்றில் முழுத் தூக்கமே இல்லை, கோழித் தூக்கம்தான். பைக்குள்ளேயே முழித்துச் சூடேறி, பேட்டரியைத் தின்றுவிடும்.

இந்த வைத்தியம் கரிசல் சம்சாரிக்குப் பழைய பாடம். புரட்டாசியில் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவார். விதை தூங்கும். ஒரு ஏமாற்றுத் தூறலுக்கு முழித்துக்கொண்டால் முளைத்துக் கருகும். அதனால்தான் சோளத்தை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போடுகிறார்கள். தூறல் அங்கே எட்டாது, நல்ல மழைதான் எழுப்பும். 1901-லிருந்தே வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் அல்லவா! லேப்டாப்பிலும் எழுப்பும் உரிமை யாருக்கு என்று முடிவு செய்யலாம்: பவர் பட்டனுக்கு உண்டு, மவுஸுக்கும் நெட்வொர்க் கார்டுக்கும் கிடையாது. கடைசியாக எழுப்பியது யார் என்று விண்டோஸைக் கேட்டாலும் சொல்லும்.

ஆகவே ரிப்பேருக்குக் கொண்டுபோய் "ஓடல" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தப் படியில் நின்றது, எந்தச் சாதனம் என்று சொன்னால் திருத்துகிறவருக்குப் பாதி வேலை மிச்சம். பயாஸையும் டிரைவரையும் புதுசாக்கினாலே பல நோய் தீரும். தீரும்வரை? டீ கிளாஸைத் தொடும் முன் கன்ட்ரோல்-எஸ். அடுத்தவர் கூலிக் கணக்கை மெமரியின் பிழைப்பூதியத்தை நம்பி விடலாமா?