வண்டிக் கருப்பணசாமிக்கும் வரலாறு உண்டு

திண்டுக்கல் மாவட்டக் கோயிற்கலை என்றதும் பேச்சு தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய்விடுகிறது. போவதில் தவறில்லை. இரணியனை மடியில் கிடத்தி வயிற்றைக் கிழிக்கும் நரசிம்மரின் விரல்களில் தெரியும் விசை, ஒற்றைக்கால் உயர்த்திய உலகளந்த பெருமாளின் நிமிர்வு, இவற்றைக் கருங்கல்லில் கொண்டுவந்த கைகள் எளியவை அல்ல. ஆனால், அதே மாவட்டத்தில் திருச்சி நெடுஞ்சாலையோரம் அய்யலூரில் இருக்கும் வண்டிக் கருப்பணசாமி கோயிலைக் கலாசார வரலாற்றில் சேர்க்க நாம் தயங்குகிறோம். பெயரிலேயே வண்டி இருக்கிறது. ஓட்டுநர்கள் நிறுத்தி, கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு நகரும் அந்த இடம், இந்தச் சாலையை நம்பிப் பிழைத்தவர்களின் அச்சத்துக்கும் நம்பிக்கைக்கும் சாட்சி.

கல்வெட்டும் சிற்பத் தூணும் இல்லாததை எப்படி வரலாறு என்பது என்று கேட்கலாம். கல்வெட்டு பெரும்பாலும் கொடுத்தவரின் பெயரைச் சொல்லும். வழிபட்டவரைச் சொல்வது அரிது. அந்த இடைவெளியை நிரப்புபவை காவல் தெய்வக் கோயில்களின் அருவாளும் மணியும் மண்குதிரையும்தான். பக்தர்கள் தம் காசில் இக்கோயில்களைப் புதுப்பிப்பதைத் தடுக்கலாமா என்பது இன்னும் வலுவான கேள்வி. தடுக்கக் கூடாது, புதிய மண்குதிரைகளைக் கோயிலுக்கு எடுத்துவந்து வைக்கும் புரவியெடுப்பே புதுப்பித்தல்தானே. ஆனால் மண்பாண்டக் கலைஞர்களான வேளார் வனைந்த குதிரையின் இடத்தில் சிமெண்ட் குதிரை வரும்போது ஒரு தொழிலும் அதன் கைநுட்பமும் சேர்ந்தே வெளியேறுகின்றன. பழையதை இடிக்கும் முன் அளந்து, படம் எடுத்து, பூசாரியின் வாய்மொழியைப் பதிந்துவைக்க ஊராட்சிக்கும் அறநிலையத் துறைக்கும் பெரிய செலவில்லை.