களிமண்ணும் கணினியும்

முதுகுன்றத்துச் சூளைகளை அறியாதார் நடுநாட்டில் இலர். (அவ்வூர் விருத்தாசலம் என வடமொழிப் பெயர் பூண்டது வேறு கதை.) அதனை அடுத்த பெண்ணாடத்து இளைஞனுக்குப் பீங்கான் புதிய பொருளன்று. ஆனால், மின்னணுக் கருவிகளின் சுற்றுப்பலகையில் அரிசிக் குறுணையினும் சிறியனவாய் ஒட்டியிருக்கும் மின்தேக்கிகளுள் மிகப் பலவும் பீங்கானே என்று அவனுக்கு எடுத்துச் சொன்னவர் யார்?

இன்று சுற்றுப்பலகை முதலிற் பிறப்பது கணினித் திரையில். உறுப்புகளை அடுக்கி இணைப்புகளைக் காட்டிவிட்டால், ஒவ்வொரு முனையிலும் மின்னழுத்தம் எவ்வளவு என்று மென்பொருளே கணித்துச் சொல்லும். ஒரு கம்பியும் பற்றவைக்கு முன்னரே பிழைகள் பலவும் வெளிப்பட்டுவிடும். அமெரிக்கப் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் 1973-இல் உருவான 'இசுபைசு' இவ்வகைக்கு முன்னோடி. அதன் வழித்தோன்றலையும், 1992-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் தொடங்கிய 'கிகாட்' என்னும் பலகை வரைவு மென்பொருளையும் இணைத்து, மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 'ஈசிம்' என்பதை ஆக்கி விலையின்றி வழங்குகின்றனர்.

ஆயினும் மென்பொருள் தானே அனைத்தும் அறிவதன்று. நாம் ஊட்டியதையே அது கணிக்கும். பேரியம் தைட்டனேட்டுக் கலவையாலான பீங்கான் மின்தேக்கிகளுட் சில, மின்னழுத்தம் ஏற ஏறத் தம் கொள்ளளவிற் பாதிக்கு மேலும் இழந்துவிடும். குறித்த எண்ணையே நம்பிக் கணித்தால், திரையில் இயங்கிய சுற்று மேசையில் இயங்காது. மண்ணின் இயல்பையும் சூளையின் வெப்பையும் அறிந்தவன், மின்சுற்றையும் அறிந்தவனாக வேண்டிய இடம் இஃதே. பெண்ணாடத்தானுக்கு இதனினும் உரிய இடம் வேறு ஏது?

அவ்விடத்தை அவன் எட்டாதபடி குறுக்கே கிடப்பது ஆங்கிலம். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது கட்டடவியலும் எந்திரவியலுமே இடம்பெற்றன, மின்னணுவியல் இல்லை. தமிழிற் சொல் இல்லை என்பார் கூற்று வெறும் சாக்கு. மின்தடை, மின்தேக்கி, மின்தூண்டி யாவும் பள்ளிநூல்களிலேயே உள்ளன. பள்ளியிற் பயின்ற சொல்லைக் கல்லூரி வாயிலிற் கழற்றி வைக்கச் சொல்வது என்ன முறை?

விலைமென்பொருளாயின் உள்ளே கைவைக்க இயலாதெனத் தட்டிக்கழிக்கலாம். மேற்சொன்னவையோ மூலநிரல் திறந்தவை. அவற்றின் கட்டளைச் சொற்களைத் தமிழாக்க எவரிடமும் இசைவு கேட்டு நிற்க வேண்டா. முதுகுன்றத்துப் பீங்கான் தொழில்நுட்ப மாணவர்களும் பெண்ணாடத்து இளைஞர்களும் ஒரு கணினியின் முன் அமர்ந்து, மின்தேக்கியின் பகுதியிலிருந்தே அதனைத் தொடங்கலாம்.