குழந்தையின் உளநலத்துக்குத் தனிவாசல் வேண்டாம்

வல்வெட்டித்துறையில் ஒரு குழந்தைக்கு 9 மாதத் தடுப்பூசி தவறிப்போனால், குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வந்து விசாரிப்பார். அதே குழந்தை ஒன்றரை வயதாகியும் பெயர் சொல்லி அழைக்கும்போது திரும்பிப் பார்ப்பதில்லை என்றால், "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்ற ஆறுதலோடு அந்தக் கவலை வீட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பாடசாலையில் சேர்க்கும் வயதில்தான் விடயம் வெளிவருகிறது. அதற்குள் மூளை மிக விரைவாக வளரும் ஆண்டுகள் கடந்துவிடுகின்றன.

கைக்குழந்தைக்கு உளநலமா என்று கேட்போர் எம்மிடையே இன்னமும் உள்ளனர். தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பது, அணைத்தால் அமைதியடைவது, உறங்குவது, உண்பது, பிறரோடு விளையாடுவது ஆகிய யாவும் உளநலத்தின் அடையாளங்களே. பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வில் தாய் வாடும்போது குழந்தையும் வாடுகிறது. எனவே இது தாயையும் பிள்ளையையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய விடயம்.

சேவையே இல்லை என்று கூறிவிட முடியாது. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவை அறியாதவர் குடாநாட்டில் இல்லை. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் 'விசர்' என்ற சொல்லே பலரது நினைவுக்கு வருகிறது. பெண் பிள்ளையாயின் நாளைய திருமணம் பற்றிய அச்சமும் சேர்ந்துகொள்கிறது. நூல் கட்டுவதும் ஓதிப் பார்ப்பதும் பெற்றோரின் பரிதவிப்பின் வெளிப்பாடே. அதனை நாம் ஏளனம் செய்யலாகாது. அயலவரின் கண்ணுக்கு அஞ்சாமல் செல்லக்கூடிய இடம் வேறெதுவும் அவர்களுக்குக் காட்டப்படவில்லை.

அத்தகைய இடம் ஏற்கெனவே உண்டு. அதுவே தடுப்பூசி கிளினிக். 9 மாதத்திலும், ஒரு வயதிலும், ஒன்றரை வயதிலும், 3 வயதிலும் தாய்மார் தயக்கமின்றி அங்கு வருகின்றனர். நிறை பார்க்கும் மேசையிலேயே குழந்தையின் பேச்சையும் விளையாட்டையும், தாயின் மனநிலையையும் விசாரித்தால், அது உளநோய் விசாரணையாக எவருக்கும் தோன்றாது.

எனினும் எப்படிக் கேட்பது என்பதும் முக்கியமானது. பேராசிரியர் ஹேமமாலி பெரேரா குழுவினர் இலங்கையில் 18 முதல் 24 மாதம் வரையான 374 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2009 இல் வெளியானது. அவர்களில் 4 பேருக்கு ஓட்டிசம் இருப்பது உறுதியானது. ஆனால் மேலைநாட்டு வினாக்கொத்து அந்த நால்வரில் ஒருவரையே இனங்கண்டது. பின்னர் அதே துறையினர், தாய்மார் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய படங்களைக் கொண்ட முறையொன்றை உருவாக்கினர். கேள்வி, வீட்டில் பேசும் மொழியில் அமைய வேண்டும் என்பதே இதன் பாடம்.

எமது மண்ணுக்கு வேறொரு சுமையும் உண்டு. 1989 ஓகஸ்டில் வல்வெட்டித்துறைப் படுகொலையைக் கண்ட சிறுவர்களும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும் இன்று பெற்றோர். சிலர் பேரப்பிள்ளைகளையும் கண்டவர்கள். போரின் காயம் தனியாளோடு நில்லாது குடும்பத்தையும் சமூகத்தையும் தாக்குகிறது என உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நீண்டகாலமாக எழுதி வந்துள்ளார். அக்காயத்தின் நிழல் இன்றைய தொட்டிலிலும் விழக்கூடும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஆயினும், கேட்டுவிட்டு அனுப்புவதற்கு இடமில்லாவிட்டால் அந்தக் கேள்வியே கொடுமையாகிவிடும். ஏற்கெனவே பணிச்சுமை மிகுந்த குடும்பநல உத்தியோகத்தரின் தலையில் இன்னொரு படிவத்தைச் சுமத்துவதும் தீர்வாகாது. ஊறணி வைத்தியசாலை போன்ற அருகிலுள்ள இடங்களுக்கு, தமிழில் பேசும் உளநல மருத்துவரோ பயிற்சி பெற்ற உளவளத்துணையாளரோ குறித்த நாளில் வர வேண்டும். சிறுவர் நோய்ப் பிரிவிலேயே அவருக்கு அறை ஒதுக்கப்பட வேண்டும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில், அங்கு சொல்லப்படுவது வெளியே போகாது என்ற உறுதியும் வேண்டும்.

கட்டடம் கட்டவோ பெரும் நிதி திரட்டவோ வேண்டியதில்லை. தாய்மார் நம்பி வரும் வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. அதனூடாக உளநலச் சேவையையும் கொண்டுவருவது மாகாண சுகாதாரத் துறையினரின் கடமை; "பிந்தித்தான் கதைப்பான்" என்று காத்திராமல் அடுத்த தடுப்பூசி நாளிலேயே வாய்திறந்து கேட்பது பெற்றோரின் கடமை.