காய்ச்சல் விட்டாச்சு, இதயம் தேறிடுச்சா?

கம்மாபுரம் பக்கம் இருபத்தஞ்சு வயசுப் பையன் ‘நெஞ்சு அடைக்குது’ன்னு சொன்னால் வரும் முதல் பதில், ‘கேஸா இருக்கும், சோடா குடி’. போன வாரம் உனக்குக் காய்ச்சல் இருந்துச்சா என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான்.

இதயத் தசையில் ஏற்படும் அழற்சிக்குப் பெயர் மயோகார்டைடிஸ். மாரடைப்பு பெரும்பாலும் ரத்தக்குழாய் அடைப்பால் வருவது. இதில் குழாயில் அடைப்பே இருக்காது, ஆனால் தசை பழுதாகும். காக்ஸாக்கி, ஃப்ளூ, கொரோனா போன்ற வைரஸ்கள் முக்கியக் காரணம். கிருமியை விரட்டக் கிளம்பும் நோய் எதிர்ப்பு சக்தியே சில சமயம் தசையையும் தாக்கிவிடுகிறது. அதனால்தான் காய்ச்சல் விட்ட பிறகும் நெஞ்சுவலி, மூச்சு வாங்குதல், படபடப்பு வருகின்றன.

நம்ம ஊரில் இன்னொன்றையும் சந்தேகப்படணும்: ஸ்க்ரப் டைபஸ். புதர், வரப்பு, தோப்புகளில் இருக்கும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத பூச்சிக் குஞ்சுகள் கடித்துப் பரவும் பாக்டீரியா காய்ச்சல் இது. மழைக்காலத்திலும் அடுத்து வரும் பனி மாதங்களிலும் தமிழ்நாட்டில் அதிகம். முற்றினால் நுரையீரல், சிறுநீரகம் மட்டுமில்லை, இதயத் தசையையும் பிடிக்கும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். எல்லோருக்கும் இருக்காது, இருந்தாலும் வலிக்காது என்பதால் பலர் கவனிப்பதில்லை. ஆரம்பத்திலேயே டாக்சிசைக்ளின் கொடுத்தால் அடங்கக்கூடிய நோய். தீவிரமானவர்களுக்கு அதோடு அசித்ரோமைசினையும் சேர்ப்பது நல்ல பலன் தருகிறது என்று வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் காட்டியது. மருந்து மலிவுதான். சந்தேகப்படத்தான் ஆள் இல்லை.

இந்த இடத்தில் வாட்ஸ்அப்காரர்கள் ‘எல்லாம் தடுப்பூசியால்’ என்பார்கள். எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளால் இளம் ஆண்களுக்கு அரிதாக இது வந்தது உண்மை. ஆனால், இங்கே பெரும்பாலோர் போட்டுக்கொண்டது கோவிஷீல்டும் கோவாக்சினும். இரண்டும் அந்த வகை இல்லை.

ஈசிஜி, ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, எக்கோ ஆகிய மூன்றும் முதலில் தேவை. ஈசிஜி மட்டும் நார்மல் என்றால் நிம்மதியாகிவிட முடியாது. உறுதிசெய்ய எம்ஆர்ஐ வேண்டுமானால் புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்குத்தான் போகணும்.

என் கோபம் வேறு இடத்தில். காய்ச்சல் விட்ட மறுநாளே நைட் ஷிப்டுக்குக் கூப்பிடுவதும், ‘வேர்த்தா சரியாயிடும்’னு ஜிம்முக்கு இழுப்பதும் இங்கே சகஜம். அழற்சி உள்ள இதயத்தைக் கடுமையாக வேலை வாங்கினால் துடிப்பின் தாளம் தப்பி, உயிரே போகலாம். நோய் உறுதியானவர்களுக்கு 3 முதல் 6 மாதம் வரை கடும் உடற்பயிற்சி கூடாது என்பதே டாக்டர்களின் வழக்கமான அறிவுரை. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அந்த ஓய்வைச் சம்பளத்தோடு யார் தருவார்?